பாதி எவ்வளவு?

பெயர் சூட்டுவது என் தொழிலில் ஒரு பகுதி. ஆகவே, ஒரு சமூகம் தன் குழந்தைகள் சிலருக்குப் பல தலைமுறைகளாகப் பெயர் தேடிக்கொண்டே இருக்கிறது என்றால், அதில் எனக்கு அக்கறை பிறப்பது இயல்புதான். ஜப்பானில், தாயோ தந்தையோ வேற்று நாட்டவராக அமைந்த குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் 'ஐனோகோ' என்றார்கள். நடுவில் பிறந்தது என்று பொருள். விலங்குகளின் கலப்பினத்துக்கும் அதே சொல்தான்! 1945-ல் போர் ஓய்ந்து, 1952 வரை அந்நியப் படைகள் ஆண்ட காலத்தில் பிறந்தவர்களைப் பத்திரிகைகள் 'கொன்கெத்ஸுஜி' என்று எழுதின. கலப்பு ரத்தக் குழந்தை. 1970-ஐ ஒட்டி 'ஹாஃபு' வந்தது. ஆங்கிலத்தின் 'பாதி'தான், பாடகிகளையும் விளம்பர அழகிகளையும் முன்னே விட்டுக்கொண்டு மினுமினுப்பாக வந்தது. 1990-களில் சில பெற்றோர்கள், "எங்கள் குழந்தை பாதியல்ல, இரட்டை" என்று 'தபுரு' என்றார்கள்.

நல்ல மனத்தோடு செய்த காரியம், மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள். நடு, கலப்பு, பாதி, இரட்டை: எல்லாமே அளவு. அளக்கிற படி ஒன்று எங்கோ இருக்கிறது. கலப்பே இல்லாத ஜப்பானியன் என்று ஒருவனைக் கற்பித்து வைத்திருக்கிறார்களே, அவன்தான் அந்தப் படி. அவனை மட்டும் யாரும் அளப்பதில்லை.

மிட்சுபிஷி நிறுவனரின் பேத்தி ஸவாடா மிகி அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். போருக்குப் பின் ஒருநாள் ரயிலில் போகையில், மேலே சாமான் வைக்கும் தட்டிலிருந்து ஒரு மூட்டை அவர் மீது விழுந்தது. உள்ளே கறுத்த நிறத்தில் இறந்துபோன ஒரு சிசு. அவருடையதே என்று சந்தேகித்தார்களாம். 1948-ல் ஓய்ஸோ என்ற ஊரில் அத்தகைய குழந்தைகளுக்காக எலிசபெத் ஸாண்டர்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். வெளியே கேலி தாங்காது என்று வளாகத்துக்குள்ளேயே பள்ளிக்கூடமும் வைத்தார். பின்னாளில் வளர்ந்த பிள்ளைகள் சிலரைப் பிரேஸிலுக்குக் குடியேற்றவும் செய்தார். அன்புதான், ஆனால் அந்த அன்புக்கும் ஒரு மதில் தேவைப்பட்டது.

அந்த இல்லத்துப் பிள்ளையிடம் போய், "நீ இரட்டை" என்று சொல்லிப் பாருங்கள். தகப்பன் யாரென்றே தெரியாது. பேசத் தெரிந்தது ஜப்பானிய மொழி ஒன்றுதான். இரண்டாவதற்கு அவன் எங்கே போவான்? பாதி என்பது அவனிடமிருந்து எதையோ பிடுங்குகிறது என்றால், இரட்டை என்பது இல்லாத ஒன்றைக் கொண்டுவா என்கிறது.

சட்டமும் சளைத்ததல்ல. 1985 வரை, மணவாழ்க்கையில் பிறந்த குழந்தைக்குத் தந்தை வழியாகத்தான் குடியுரிமை. தாய் ஜப்பானியள், தகப்பன் அந்நியன் என்றால் கிடையாது. ஒகினாவாவில் எந்த நாட்டுக்கும் சேராமல் நின்ற குழந்தைகள் உண்டு.

இதனால் 'ஹாஃபு' என்ற சொல்லையே ஒழித்துவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவ்விதம் பிறந்த இரு பெண்கள் 2013-ல் தாங்கள் எடுத்த படத்துக்கு அதே பெயரை வைத்தார்கள். அது அவர்கள் உரிமை. இடையில் புக நாம் யார்? எனக்குப் பிடிக்காதது, பெயரைக் கேட்கும் முன்னே, "எந்த நாடு?" என்று கேட்கிற அவசரம்.

2015-ல் ஜப்பானின் பிரபஞ்ச அழகிப் போட்டியில் தேர்வான மியாமோட்டோ அரியானா, சசேபோவில் பிறந்தவர். தந்தை கறுப்பு அமெரிக்கர். 'இவள் ஜப்பானியள்தானா?' என்று கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு உலக அழகிப் போட்டிக்குத் தேர்வான யோஷிகாவா பிரியங்காவின் தந்தை நம் வங்காளத்தவர். அவருக்கும் அதே வரவேற்பு. இத்தகையவர்களிடம் முகம் மலர, "ஜப்பானிய மொழி எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்!" என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தாய்மொழியை நன்றாகப் பேசுவதாக ஒருவர் பாராட்டினால், என்ன பதில் சொல்வது?