பிறையும் ஆராய்ச்சியும்

கோலசிலாங்கூரில் புக்கிட் மலாவத்தி என்றொரு குன்று இருக்கிறது. ரமலான் பிறை தோன்ற வேண்டிய மாலையில் அங்கே கூடுவோர் தொலைநோக்கி கொண்டு மேற்கு வானை நோக்குவார்கள். சூரியன் மறையும்பொழுது பிறை அடிவானத்துக்கு மேல் 3 பாகை உயரத்திலும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியும் நின்றால் கண்ணுக்குப் புலப்படக்கூடும் என்பது மலேசியாவில் இன்று கைக்கொள்ளப்படும் கணக்கு. முன்னர் உயர அளவு 2 பாகையாக இருந்தது; ஆராய்ந்து அதைத் திருத்தினார்கள். மார்க்கக் கடமையும் வான சாஸ்திரமும் பிணங்காமல் நிற்கும் இடம் இது. அங்ஙனமாயின், இஸ்லாமிய உலகில் ஒருகாலத்தில் ஓங்கிய ஆராய்ச்சி பின்னர் தளர்ந்தது ஏன்?

மதமே காரணம் என்று கூறிவிடுவது எளிது. சரித்திரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அல்-ஷாத்திர், டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். அவர் வகுத்த சந்திர கணித முறையே ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பின் கோப்பர்னிக்கஸ் நூலிலும் காணப்படுகிறது. கஸ்ஸாலியின்மேல் பழி சுமத்துவாரும் உளர். 1111-இல் மறைந்த அவரோ, கிரகண கணிதத்தை மார்க்கத்தின் பேரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்ற கருத்தினர். அவருக்குப் பின்னரே 1259-இல் மராகாவிலும், 15-ஆம் நூற்றாண்டில் சமர்க்கந்திலும் வானாராய்ச்சி நிலையங்கள் எழுந்தன.

சமர்க்கந்து நிலையத்தை எழுப்பிய உலூக் பேக் 1449-இல் கொல்லப்பட்டார், நிலையமும் பாழாயிற்று. இஸ்தான்புல்லில் தகியுத்தீன் 1577-இல் கண்ட நிலையம் 1580-இல் சுல்தானின் கட்டளையால் இடிக்கப்பட்டது. அரசன் தயவில் நின்ற கல்வி அரசன் மனம் மாறியதும் வீழ்ந்தது. அந்நகரில் துருக்கி மொழி நூல் முதன்முதலாக அச்சேறியதோ 1729-இல்தான். அதுவரை ஒருவர் கண்ட உண்மையைப் பலர் படித்துப் பிழை திருத்தும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது.

இதைக் கேட்டு நம்மவர் நகைக்க வேண்டாம். 1825-இல் ஜான் வாரன் என்னும் ஐரோப்பியர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அவர் சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளால் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிஷமே! ஆனால் அக்கணக்கின் காரணம் அவருக்குத் தெரியாது. கணக்கு உயிரோடிருந்தது, கேள்வி செத்துப்போயிருந்தது. கிரகணம் நிழலால் நேர்வது என்று ஆரியபட்டர் எழுதி 1,500 ஆண்டுகளாகின்றன. எனினும், சுங்கை சோ முதலிய தோட்டப்புறங்களில் வாழும் நம் குடும்பங்களிலும் கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்ணை உள்ளே அடைத்து வைக்கும் பாட்டிமார் இல்லையென்று நாம் சொல்ல முடியுமா?

ஆகவே, குற்றம் ஒரு மதத்தாருடையது மாத்திரம் அன்று. முன்னோர் கண்ட முடிவைப் பேணி, அவர்கள் கேட்ட கேள்வியைக் கைவிடுவதே நோய். இப்னு அல்-ஹைதம், தாம் பெரிதும் மதித்த தாலமியின்மேலேயே ஐயங்களை எழுப்பித் தனி நூல் எழுதினார். அவர் பெயரை மேடைதோறும் புகழ்ந்துவிட்டு, வீட்டில் “ஏன்?” என்று கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்குவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். முன்னோர் செய்ததும் அதுவே.