எண்ணும் நடுக்கள வீரனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உதைபந்தாட்டம் ஊரவர் அனைவர்க்கும் உரிய ஆட்டமாகும். இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியும் அவ்வாட்டத்தாற் பெயர் பெற்றவை. கோல் அடித்தவன் பெயரை மைதானம் முழுவதும் அறியும். பந்தைப் பறித்து, உரியவனுக்கு உரிய வேளையில் அளித்த நடுக்கள வீரனின் பெயரோ எளிதில் மறக்கப்படும். அவனை எவ்வாறு மதிப்பிடுவது?

இங்கிலாந்தில் சாள்ஸ் ரீப் என்பார் 1950 இல் தாளும் பென்சிலுங் கொண்டு ஆட்டங்களைக் குறிக்கத் தொடங்கினார். இன்று பெருங்கழகங்களில் ஒவ்வொரு பந்துப் பரிமாற்றமும் கணினியிற் பதிவாகின்றது. இதனை வெறும் எந்திர மோகமென ஒதுக்குதல் தகாது. கண் தான் விரும்பியதையே காணும். தெரிவாளரின் ஊர்ப்பற்றும் உறவும் அதற்குத் துணைபோகும். ஆதரவற்ற கிராமத்து இளைஞனுக்காக வாதாடப் புள்ளிவிபரம் ஒன்றே முன்வருதலும் உண்டு.

ஆயினும், எண்ணப்பட்டது எது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. கோல்களிற் பெரும்பாலானவை மூன்று அல்லது அதற்குக் குறைந்த பரிமாற்றங்களால் விளைந்தமை கண்ட ரீப், நெடிய உதையே சிறந்ததெனத் துணிந்தார். ஆட்டத்தின் பெரும்பகுதியே அத்தகைய குறுந்தொடர்களால் ஆனது என்பதற்கு அவர் உரிய இடம் அளிக்கவில்லை. பிரான்சிய நடுக்கள வீரர் குளோட் மக்கலேலே 2003 இல் ரியல் மட்ரிட் கழகத்தினின்று நீங்கினார். அவர் கோல் அடித்தது அரிது. அவர் நின்ற இடத்தை அஞ்சி எதிரணி அனுப்பாது விட்ட பந்துகள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அக்கழகம் அடுத்த லீக் பட்டத்தை 2007 இலேயே வென்றது. ஒருவரின் நீக்கமே அதற்கு முழுக் காரணமென்றல் பொருந்தாது. எனினும் அது சிந்திக்கற்பாலது.

மேலும், தான் எண்ணப்படுவதை அறிந்த மனிதன் எண்ணுக்காகவே ஆடத் தலைப்படுவான். பிழையற்ற பரிமாற்றங்களின் வீதத்தால் மதிப்பிடப்படும் வீரன், துணிந்து முன்னே செலுத்த வேண்டிய பந்தைப் பின்னோக்கித் தட்டுவான். அவன் கணக்கு உயரும், அணி தோற்கும்.

இது மைதானத்துடன் முடியும் செய்தியன்று. இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி கையாளப்படுகின்றது. கடினத்தால் வேறுபட்ட பாடங்களை ஒப்புநோக்க அது தக்க கருவியே. ஆனால், பகலில் தோட்டத்தில் உழைத்து இரவிற் கற்ற மாணவனின் உழைப்பை அது அறியாது.

திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம் ஒருவனின் குணத்தையும் குற்றத்தையும் நாடிய பின்னரே மிகுதியை நிறுக்கச் சொல்கின்றது. நாடுதல் முந்தியது, நிறுத்தல் பிந்தியது. எனவே எண்ணைக் கையாள்பவன் ஆட்டத்தையும் பார்த்திருத்தல் வேண்டும். பாராது வழங்கும் தீர்ப்பு, கணக்கிற் சரியாயினும், அறமாகாது.