சீட்டில் எழுதாமல் விட்ட பெயர்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையில் அடியேன் இருந்தேன். நெடுங்காலமாக எமது ஆலயத்துக்கு வரும் தாயார் ஒருவர் மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். எழுதினேன். பிறகு தாழ்ந்த குரலில், "ஐயா, அவள் கலியாணம் முடித்த பிள்ளையின் பெயரையும் சேர்க்கலாமோ?" என்று கேட்டார். அந்தப் பிள்ளையும் பெண். இந்நாட்டுச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்கள். "குருக்களையாவிடம் கேட்டுச் சொல்லுகிறேன் அம்மா" என்றேன். கேட்கவில்லை. வரிசை நீண்டிருந்தது என்பது ஒரு சாட்டு. அந்த அம்மா பிறகு வரவில்லை.

சுந்தரமூர்த்தி நாயனாரைப் பற்றிப் பேசவே இன்று ஆயத்தம் செய்திருந்தேன். அவர் ஆதிசைவ அந்தணர். பரவையாரோ உருத்திர கணிகையர் குலம். திருவாரூர்ப் பெருமான் குலம் பார்த்தாரா? அடியார்களுக்குக் கனவில் உணர்த்தி, அவர்களைக் கொண்டே அம்மணத்தை நடத்துவித்தார். பின்னர் பரவையார் ஊடியபோது, நள்ளிரவில் தாமே தூது நடந்தார். முதன்முறை அர்ச்சகர் வேடத்தில் போய் வெறுங்கையோடு திரும்பி, மறுபடியும் போனார். (அந்த ஊடல் சங்கிலியாரை மணந்ததால் வந்தது. அதை இன்னொரு நாள் பேசலாம்.) இரண்டு உள்ளங்கள் சேர்ந்திருப்பதற்காகத் தெருவில் நடந்த கடவுளைத்தான் நாம் கும்பிடுகிறோம்.

பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் மணம் முடிக்கக் கிரியை முறை உண்டா என்று கேட்பீர்கள். அடியேன் படித்த அளவில் இல்லை. இல்லாததை உண்டென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆண், பெண் என்பது உடம்புக்குரியது, ஆன்மாவுக்கு அல்ல என்று பிள்ளைகளுக்குச் சமய வகுப்பில் படிப்பிப்பவர்களும் நாமே. மேலும் இங்கே கேள்வி கிரியை பற்றியது அன்று, சட்டம் பற்றியது. இங்கிலாந்தில் 2013 இல் நிறைவேறி, 2014 மார்ச் 29 முதல் திருமணங்கள் நடக்க வழிவிட்ட சட்டம் எந்த ஆலயத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. அது தருவது வேறு: வாழ்க்கைத்துணை இறந்தால் சொத்தில் உரிமை, ஓய்வூதியத்தில் பங்கு, "இவர் எனக்கு யார்" என்ற கேள்விக்கு ஒரு பத்திரம்.

அந்தப் பத்திரம் இல்லாத வேதனை தமிழருக்குப் புதிதா? 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் என்பவர், இஸ்லாமிய முறைப்படி நடந்த ஒரு திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்று தீர்த்தார். பலதாரத்துக்கு இடமளிக்கும் சமயம் என்பது காரணம். அந்த நியாயம் இந்துக்களையும் தொட்டது. தாலி கட்டி, பிள்ளை பெற்ற பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். காந்தியடிகளின் போராட்டத்தில் அதுவரை இல்லாதபடி பெண்கள் இறங்கினர். அவர்களுள் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பெப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தாள். அவ்வாண்டே சட்டம் திருந்தியது. அதே தென்னாப்பிரிக்கா 2006 இல் ஒருபாலர் திருமணத்தையும் ஏற்றது.

தமிழ்நாட்டிலும் புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் சட்டத்தில் செல்லாமலே இருந்தன. அண்ணாதுரை முதலமைச்சராக இருந்த 1967 இல் நிறைவேறிய திருத்தம் முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அதனால் எந்தக் கோயில் மணமேடையும் இடிந்துவிடவில்லை.

இன்று இந்தியாவில் 2023 ஒக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் திருமணத்தைப் பாராளுமன்றத்திடம் விட்டுவிட்டது. இலங்கையிலோ 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இவர்களைக் குற்றவாளிகள் என்றே வைத்திருக்கின்றன. வெள்ளையர் எழுதியது அது. அவர்கள் தம் நாட்டில் மாற்றிவிட்டார்கள், நாமோ எமது பண்பாடு என்று காத்து நிற்கிறோம்! ஊரிலுள்ள உறவினரோடு பேசும்போது இதையும் பேசுங்கள்.

குருக்களையாவிடம் இப்போது கேட்டுவிட்டேன். "பெயரும் நட்சத்திரமும் தந்தால் சொல்லுவதுதானே என் வேலை" என்றார். செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மற்றப் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளையாம், நட்சத்திரம் தெரியாதாம். பிறந்த திகதியும் நேரமும் கேட்டுச் சொல்லுவதாகச் சொன்னார். பஞ்சாங்கத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.