இனத்தைப் புகழ்வது தர்மமா?



பிறந்த சாதியையோ இனத்தையோ வைத்து ஒருவரை இழிவாகப் பேசக்கூடாது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பேச்சின் பாரத்தை நம் முன்னோர் தலையிலும் தோளிலும் சுமந்தவர்கள். ஆனால் ஒருவரை அவருடைய இனத்தை வைத்து உயர்வாகப் பேசினால் அது சரியா? "நேபாளத்துக்காரனா, நம்பி வீட்டை விட்டுப் போகலாம்", "வடகிழக்குப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் வேலை செய்யும்", "தெக்கத்தி ஆளை எங்கே விட்டாலும் கடை போட்டுப் பிழைத்துக்கொள்வான்" என்றெல்லாம் சென்னையில் தினமும் காதில் விழுகிறது. நல்ல வார்த்தைதானே, இதில் என்ன கெடுதல் என்று தோன்றும். கெடுதல் உண்டு என்பதே என் எண்ணம். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இரவில் தடியைத் தட்டி, விசில் ஊதிக்கொண்டு போகும் காவலாளியை நாம் 'கூர்க்கா' என்கிறோம். மாதம் பிறந்து காசு வாங்க வாசலில் வந்து நிற்கும்போதும் அவர் கூர்க்காதான். அவருடைய பெயர் பல வீடுகளில் தெரியாது. கூர்க்கா என்பது நேபாளத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1814 முதல் 1816 வரை நேபாளத்தோடு நடந்த போரில் அந்த மக்களின் வீரத்தைக் கண்ட கும்பினியார், 1815-லேயே அவர்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கினார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளையர் ஒரு கணக்குப் போட்டார்கள். கூர்க்கா, சீக்கியர், பட்டாணியர் எல்லாம் போர்க்குணம் உள்ள இனங்கள். தென்னாட்டவர் அப்படி இல்லை என்றார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இந்தக் கருத்தை வலுவாகச் சொன்னவர். பிறகு அவரே இந்தியப் படைக்கெல்லாம் தலைமைத் தளபதியானார். சென்னைப் படையில் நம்மவர்களைச் சேர்ப்பது குறைந்துகொண்டே போனது.

தராசில் ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கும். ஓர் இனம் பிறவியிலேயே வீரமானது என்றால், இன்னோர் இனம் பிறவியிலேயே வீரமற்றது என்றும் சொன்னதாகிவிடும்.

சரி, புகழப்பட்டவர்களாவது நன்மை அடைந்தார்களா? கூர்க்கா வீரர்கள் இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டனுக்காக உயிரைக் கொடுத்தார்கள். ஆனால் பிரிட்டிஷ் படையில் இருந்து ஓய்வு பெற்றபோது, அதே படையில் இருந்த வெள்ளைக்கார வீரரைவிட மிகக் குறைவான ஓய்வூதியமே அவர்களுக்குப் பல ஆண்டுகள் கிடைத்தது. 2007-ல்தான் அது மாறியது. அந்த மாற்றமும் 1997 ஜூலைக்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கு எட்டவில்லை. வீரன் என்று சொல்ல வாய் இருந்தது, சமமாகக் கொடுக்கக் கை வரவில்லை.

இது அடுத்தவர் கதை மட்டும் அல்ல, நம் தமிழர் கதையும் இதுதான். மலாயா ரப்பர் தோட்டத்துத் துரைமார்கள் தமிழரைப் புகழ்ந்தார்கள். பணிவானவர்கள், சொன்னதைக் கேட்பார்கள், மேய்ப்பது எளிது என்றார்கள். கங்காணிகளை அனுப்பிக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். பணிவுக்குக் கிடைத்த பரிசு, சீனத் தொழிலாளியைவிடக் குறைந்த கூலி. 1941-ல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனருக்குச் சமமான கூலி வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். படை வந்து சுட்டது, உயிர்கள் போயின. பணிவானவன் என்ற பட்டம் எதுவரை செல்லும் என்பது அன்று தெரிந்தது. வாயைத் திறக்கும்வரைதான்.

இப்போது தியாகராய நகருக்கு வருவோம். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் பலர் நம் தென்மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள். "தெக்கத்திப் பிள்ளைகள் உழைப்புக்கு அஞ்சாது" என்று பெருமையாகச் சொல்வோம். உழைப்புக்கு அஞ்சாதவருக்கும் கால் வலிக்கும். கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. களைப்பே வராத இனம் என்று ஒருவரைப் புகழ்ந்துவிட்டால், அவருக்கு நாற்காலி வேண்டும் என்பது நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

வீட்டுக்குள்ளும் இந்தப் பேச்சு வருகிறது. "வியாபாரம் நம் ரத்தத்தில் ஓடுகிறது" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். கடையை நடத்தி முன்னுக்கு வந்தவர் விடியற்காலை நாலு மணிக்குக் கோயம்பேட்டில் நின்றது, கடனை அடைக்கும்வரை நல்ல சட்டை எடுக்காதது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் மறைந்துபோகும். பெருமை ரத்தத்துக்குப் போய்விடும். கடை நொடித்துப்போனவரோ, நம் ஆளாக இருந்தும் பிழைக்கத் தெரியவில்லையே என்று இரட்டிப்பு அவமானம் சுமப்பார். படம் வரையவோ பாடவோ ஆசைப்படும் பிள்ளை, தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணிக்கொள்ளும்.

முன்னோரின் பெருமையைப் பேசவே கூடாதா, அது பிள்ளைகளுக்குத் தைரியம் தராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாராளமாகப் பேசலாம். அவர்கள் என்ன செய்தார்கள், எந்த வரியையும் தடையையும் தாண்டிச் செய்தார்கள் என்று பேச வேண்டும். அதைக் கேட்கும் பிள்ளை, நானும் முயன்றால் முடியும் என்று எழும். எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது என்று கேட்ட பிள்ளை, ஒன்று அகந்தை கொள்ளும், இல்லையேல் பயப்படும்.

அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னது ஓர் இனத்துக்கு மட்டும் தலை உயர்ந்தது என்பதற்காக அல்ல. தலை உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த மதிப்பு உண்டு என்பதற்காக. பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது அதில் தெரிவது எதிரே நிற்கும் அந்த ஒருவரின் முகம். அவருடைய இனத்தின் முகம் அதில் தெரிவதில்லை.

ஆகவே மக்களே, புகழுங்கள். ஆளைப் பார்த்து, அவர் செய்த காரியத்தைச் சொல்லிப் புகழுங்கள். உங்கள் தெருக் காவலாளியின் பெயரைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு ஓய்வு உண்டா, மழை வந்தால் ஒதுங்க இடம் உண்டா என்று விசாரியுங்கள். "உங்கள் ஆட்கள் நல்லவர்கள்" என்று சொல்வதைவிட, "நேற்று ராத்திரி மழையில் எங்கள் அம்மாவுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தீர்களே, நன்றி" என்று சொல்லிப் பாருங்கள். அந்த நன்றி அவரைப் போய்ச் சேரும்.

அய்யா உண்டு.