அவனா, அதுவா?

ராஜபாளையத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் அவர் மகள், கையில் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். புதுசாக ஒரு மொழி செய்கிறாளாம்! 2015-ல் வந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசுவார்களே, மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி... அதுதான் தூண்டுதல். அதில் 'மின்' என்றால் நான். அதையே திருப்பிப் போட்டால், 'நிம்', நீ.

"வினைச்சொல் முடிச்சுட்டேன் மாமா. பெயர்ச்சொல்லுலதான் மாட்டிக்கிட்டேன். எத்தனை பெட்டி வைக்கணும்?"

அவள் பெட்டி என்பதைத்தான் நம் இலக்கணம் திணை என்கிறது. மனிதர்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று தொல்காப்பியர் கோடு போட்டார். இந்தியில் புத்தகம்கூடப் பெண்பால். 1887-ல் உலகத்துக்கே பொதுவாக எஸ்பெராண்டோவைச் செய்துகொடுத்த ஸாமன்ஹாஃப், எல்லாப் பெயர்ச்சொல்லும் 'ஓ'வில் முடியட்டும் என்று சமத்துவமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அப்பா 'பாத்ரோ'. அம்மா? அப்பாவுக்கு நடுவில் ஓர் ஒட்டு போட்டு 'பாத்ரினோ'!

அவ்வளவு தூரம் போவானேன்? ராஜபாளையத்தில் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு. மரியாதை சேர்க்காமல் சொன்னால் அதில் ஒரு பெண் வந்தாலும் 'வச்சிந்தி', ஒரு நாய் வந்தாலும் 'வச்சிந்தி'. நாலு பெண்கள் சேர்ந்து வந்தால்தான் ஆண்களோடு சேர்த்து 'வச்சாரு'. சங்கம் வைத்தால் மரியாதை கிடைக்கும் என்பதை இலக்கணமே சொல்கிறது போல!

நான் இப்படி அளந்துகொண்டிருக்கும்போதே நண்பர் வந்தார். "டைகர் காலையில இருந்து சாப்பிடலை. வெயில் அவனுக்கு ஆகலை." அந்த ஊர்ப் பெயர் கொண்ட வெள்ளை நாய்தான். அடுத்த மூச்சில் சமையலறைப் பக்கம் திரும்பி, "வாசல் கூட்டுமே, அது இன்னைக்கும் வரலையா?"

நாய் 'அவன்'. வயதான அம்மாள் 'அது'. பெண் என்னைப் பார்த்தாள். நான் சமாளித்தேன்: "நம்ம பக்கம் அக்கா வந்துச்சு, அம்மா சொல்லுச்சுன்னு பாசமாச் சொல்றதில்லையா?"

"பாசமாச் சொன்னா குரல்லயே தெரியும் மாமா."

வாயை மூடிக்கொண்டேன். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனைப் பற்றி நான் எப்படிப் பேசுகிறேன் என்று ஞாபகம் வந்துவிட்டது.

சரி, எல்லோருக்கும் ஒரே விகுதி போட்டுவிட்டால்? மலையாளத்தில் ராஜா வந்தாலும் நாய் வந்தாலும் 'வந்நு'தான். அதனால் அங்கே மேல், கீழ் இல்லாமல் போய்விட்டதா என்ன?

சாயங்காலம் எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆண்டாள் கையில் கிளி. தினமும் இலைகளால் புதிதாகச் செய்வார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் யாரிடமெல்லாம் பேசுகிறாள்? சங்கிடம். மேகத்திடம். குயிலிடம். எல்லாம் அஃறிணை. ஆனால் எதிரே நிறுத்திப் பேசும்போது திணை எங்கே போயிற்று? முன்னிலைக்குத் திணை கிடையாது. தெய்வமும் நீ, நாயும் நீ. (நீயா, நீங்களா என்பது வேறு சண்டை.) கோடு விழுவது படர்க்கையில். அதாவது, ஆள் அந்தப் பக்கம் போன பிறகு.

திரும்பும்போது பஸ்ஸில் இதைச் சொன்னேன். "அப்போ என் மொழியில படர்க்கையே வேண்டாம்!" என்றாள்.

"அப்புறம் புறணி எப்படிப் பேசுறது?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள் என்று அவர் இல்லாத இடத்தில் ஒருவர் பேசவும் படர்க்கைதானே வேண்டும்? அதைத் தூக்கிப்போட்டால் நியாயமும் சேர்ந்தல்லவா போய்விடும்? அவளிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் ஏதோ எழுதி, அடித்தாள்.

மறுநாள் காலை அந்த அம்மாள் வந்துவிட்டார். நண்பர் வாசலுக்கே போனார். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா? இரு, காபி குடிச்சிட்டு வேலையைப் பாரு" என்றார். நிஜமான அக்கறை.

பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்: "அது வந்துடுச்சு. காபி குடு."