வலியும் மூச்சும்

துன்பத்தைத் துடைப்பது தருமம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் துடைத்துவிட்டால் மட்டும் தருமம் முடிந்துவிடுகிறதா? சென்ற வருஷம் ஓர் இரவு இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது.

என் அக்காவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். இரண்டு மாதம் வலியில் துடித்தவளை அறைக்குக் கொண்டுவந்தபோது குழந்தைபோல் உறங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாருப்பா, எவ்வளவு நிம்மதியாத் தூங்கறா!" என்றார்.

நர்ஸுக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. போர்வையை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மார்பு ஏறி இறங்குவதை எண்ணினாள். நிமிஷத்துக்கு 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய மூச்சு 6 தான் இருந்தது. தோளைத் தட்டி, "அம்மா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றாள். அக்கா கண் திறக்காமலே இழுத்து விட்டாள். நர்ஸ் சொல்வதை நிறுத்தினால் மூச்சும் தயங்கியது.

"தூங்கறவளை ஏம்மா எழுப்பறே? அந்த மிஷின்லே 98-னு நல்லாத்தானே காட்டுது?" என்றார் அத்தான் கோபமாக. அவள் பதில் பேசாமல் டாக்டரை அழைத்தாள்.

டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். ரத்தத்தில் கரியமில வாயு சேரும்போது, மூளையின் அடிப்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் அதை உணர்ந்து 'மூச்சு விடு' என்று கட்டளை இடுகின்றன. மார்பின், ஃபெண்டனில் போன்ற அபினி இனத்து மருந்துகள் வலியை அடக்குகிறபோதே இந்தக் காவலையும் மழுங்க அடித்துவிடுகின்றன. ஆபரேஷன் நடக்கும்போது கருவி மூச்சைப் பார்த்துக்கொள்கிறது. கருவியை எடுத்த பிறகுதான் ஆபத்து. முகமூடி வழியாகப் பிராணவாயு கொடுக்கும்போது விரலில் மாட்டிய கருவியின் எண்ணும் வெகுநேரம் ஏமாற்றும். தண்ணீரில் மூழ்குகிறவன் கையைக் காலை உதைத்துப் போராடுவான். இந்த நோயாளி போராடமாட்டார். நிம்மதியாகவே போய்விடுவார்.

இது புதிய செய்தி அல்ல. அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்த ஜெர்மானிய மருந்தாளர் ஸெர்ட்யூர்னர், மூன்று இளைஞர்களோடு தாமும் அதை உட்கொண்டு பார்த்து, 1817-ல் அதைப் பற்றி எழுதினார். அளவு மிஞ்சி எல்லோரும் சரிந்தார்கள். அவருக்கு நினைவு முற்றும் தப்பாததால், காடியைக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்துக் காப்பாற்ற முடிந்தது.

அப்படியானால் வலிமருந்தே வேண்டாம், பொறுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லலாமா? அதுவும் தவறு. வயிற்றைக் கிழித்துத் தைத்த வலியில் ஆழ்ந்து மூச்சுவிடவோ இருமவோ முடியாமல், நுரையீரலில் சளி கட்டிக்கொள்ளும். ஆகவே, மருந்தை மறுக்கிறவனுக்கும் புண்ணியம் இல்லை.

மாற்று மருந்து இருக்கிறது. நலாக்சோன் என்று பெயர். அதை ஒரேயடியாகக் கொடுத்தால் மூச்சோடு வலியும் திரும்பிவிடும். அதனால் டாக்டர் சிறிது சிறிதாக ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அக்கா முகத்தைச் சுளித்து, "வலிக்குதே" என்று முனகினாள். அத்தான் துடித்துப்போனார். நர்ஸ் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அதோடு அவள் போய்விடவும் இல்லை. மாற்று மருந்தின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும். பழைய மருந்து உடம்பிலே தங்கியிருக்கும். மூச்சு மறுபடி தளரலாம். விடியும்வரை அடிக்கடி வந்து எண்ணினாள்.

அந்த அறையில் அக்காவிடம் உயிரையே வைத்திருந்தவர்கள் நாங்கள் இருவர். நாங்கள் அவள் வலி போயிற்றே என்று பார்த்தோம். அதற்கு மேல் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. பிறர் துயரைத் தீர்த்த திருப்தியில் நாம் கண் அயர்ந்துவிடுகிறோம். அந்தத் திருப்தி உண்மையில் நம்முடைய வலி தீர்ந்த திருப்தி. இரக்கத்துக்கு ஒரு நிமிஷம் போதும். அதன் பின்விளைவுக்கு விழித்திருக்க ஓர் இரவு வேண்டும். அந்த இரவையும் சேர்த்துக் கொடுக்கிறவருக்கே, இன்னொருவர் வலியைத் தொடும் உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.