யார் மகன்?

திருச்சியில் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி தோன்றிய ஆண்டு 1965. அதே ஆண்டு சனவரி 27-இல் சிதம்பரத்தில், இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த அண்ணாமலைப் பல்கலைக் கழக மாணவர்மீது காவலர் துப்பாக்கி வெடித்தது. மாணவன் இராசேந்திரன் மாண்டான். அவன் யார் மகன்? ஒரு காவலரின் மகன்!

சுட்டதும் காவலன் கை. சிந்தியதும் காவலன் வீட்டுக் குருதி. "மேலிடத்துக் கட்டளை" என்பார்கள். கட்டளை கையை ஏவலாம், மனச்சான்றையும் ஏவுமா? ஏன் என்று கேளாத கீழ்ப்படிதல், சாத்திரம் விதித்த தொழிலுக்குப் பணிந்து கிடந்த பழைய அடிமைத்தனத்தின் மறுபெயரே!

நம் பக்கமும் நேர்மையோடு நோக்குவோம். அவ்வாண்டு பிப்ரவரியில் திருப்பூரில் காவல்துறைத் துணை ஆய்வாளர் இருவரை ஒரு கூட்டம் உயிரோடு எரித்தது. துப்பாக்கி மாணவனென்று மட்டும் கண்டது. தீ காக்கிச் சட்டையை மட்டும் கண்டது. மனிதனை இரண்டுமே காணவில்லை.

காவிரிப் பாலம் கடந்தால் திருவரங்கம். 2006-இல் அங்கே கோயிலுக்கு எதிரே பெரியார் சிலையைச் சிதைத்தார்கள். பின்னர் அதற்குக் காவல் நின்றோருள் அரங்கனைத் தொழுபவரும் இருந்திருக்கலாம். தாம் ஏற்காத கருத்துக்கும் காவல் நிற்பதன்றோ கடமை!

கல்லூரி வாயிலில் நிற்கும் காவலரிடம் நாம் கேட்பதும் அதுவே: மாணவன் கருத்தை ஏற்க வேண்டாம், அதைச் சொல்லும் உயிருக்குக் காவல் நில்லுங்கள்.

தோழர்களே! கல்லெடுக்கும் முன் நாமும் கேட்போம்: அந்தக் காக்கிக்குள் நிற்பவன் யார் மகன்?